ஹுல்டா வாங்கிய டிக்கெட்

எங்கள் ஊர் ஆல்டர் ஜங்ஷனில் ரயில்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மினசோட்டாவின் வட மூலையில் ஏரிகளைச் சுற்றி வண்டி ஓட்டுகிற குட்டி ரயில் கம்பெனி எங்களுடையது. பெரிய கம்பெனிக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். பனியில் அவர்களுடைய வண்டிகள் படுத்துக்கொண்ட நாள்களிலும் எங்கள் காலை பாசஞ்சர் கிளம்பிப் போயிருக்கிறது.

அந்த வண்டியை ஆயுசு முழுக்க ஓட்டியவர் ஆர்விட் ரிங்ஸ்டாட். அவர் மனைவி ஹுல்டா ஸ்டேஷனில் காபிக் கடை நடத்தினாள். வண்டி நிற்கிற கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் காபியும் டோனட்டும் கொடுத்து ஏற்றிவிடுவாள். சாவகாசமாக மெல்லுகிறவனுக்குத் திட்டு இலவசம்.

ஆர்விட் இறந்தபின் கம்பெனி, எங்களுக்கெல்லாம் கொடுத்தது போலவே அவளுக்கும் இலவசமாகப் போய்வர ஒரு பாஸ் கொடுத்தது. ரயில் குடும்பத்தில் டிக்கெட் வாங்குவது, சொந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுப்பது மாதிரி. அவள் வாங்கியதே இல்லை. நான் அதே கம்பெனியில் பிரேக்மேனாக இருந்தவன், நானும் வாங்கியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் கம்பெனி, ஏற ஆளில்லை, வண்டியை நிறுத்த வேண்டும் என்று மாநில ரயில்வே கமிஷனிடம் அனுமதி கேட்டது. பயணிகளை எண்ண ஓர் அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் ஹுல்டா வீடு வீடாக ஏறி இறங்கினாள். வராதவனுக்கு இனிமேல் காபி கிடையாது என்று மிரட்டினாள். அன்று காலை சர்ச் உடுப்பில் ஊரே ஏறியது. உட்கார இடமில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று.

கண்டக்டர் கிளிஃபோர்ட் டாலன் வந்தார். வரிசையாகப் பாஸ்கள் நீண்டன. அதிகாரியின் பென்சில் மட்டும் அசையவில்லை. ஏன் எழுதவில்லை என்று ஹுல்டா கேட்டாள்.

"பாஸ்ல வர்றவங்கள சேக்கக் கூடாதும்மா. காசு குடுத்து வந்தாத்தான் கணக்கு." அவருக்கே சங்கடமாக இருந்தது.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்பார்கள். நாங்கள் செலவே இல்லாமல் வைத்துக்கொண்டோம். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

ஹுல்டா பாஸைப் பார்த்தாள். அதில் ஆர்விட்டின் பெயரும் இருந்தது. அதைக் கைப்பைக்குள் வைத்துவிட்டுக் காசை எடுத்தாள்.

"கிளிஃபோர்ட், ஒரு டிக்கெட் போடு."

"ஆர்விட் ஓட்டுன வண்டி, ஹுல்டா. உங்கிட்ட நான் எப்படிக் காசு வாங்குவேன்?"

"அவரு ஓட்டுன வண்டி நாளைக்கும் ஓடணும்ல? போடு. கடைசி ஸ்டேஷனுக்கு. திரும்பி வர்றதுக்கும் சேத்து."

டாலன் டிக்கெட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பிறகு அவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை. ஒவ்வொருவராகப் பாஸை உள்ளே வைத்தோம். வாழ்நாளின் முதல் டிக்கெட்டை நானும் வாங்கினேன். அதை எந்தக் கையில் பிடிப்பதென்றுகூடத் தெரியவில்லை. அதிகாரி பென்சிலைச் சீவிக்கொண்டு எழுதினார்.

கமிஷன் அனுமதி தரவில்லை. வண்டி ஓடும் என்ற செய்தி வந்த காலையில் காபிக் கடையில் நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று ஹுல்டாவுக்குக் கை தட்டினோம். அவள் முகத்தை ஏப்ரனில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"தட்டுனது போதும், காப்பியக் குடிங்க," என்றாள். "வண்டி வந்துருச்சு."