ஷரீஃபாவின் அறுபதடி ஒயர்

ஒயரை அளக்க ஷரீஃபாவுக்கு டேப் வேண்டாம். கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் இடையில் சுற்றிக்கொண்டே போவார், உதடு எண்ணிக்கொண்டிருக்கும். இடையில் யாராவது பேச்சுக்கொடுத்தால் புருவத்தை மட்டும் தூக்குவார். எண்ணிக்கை தவறாது.

பேகம்பூரில் ஒரு கட்டில் போடும் அகலத்துக்குக் கடை. ரிப்பேருக்கு வரும் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றியதும் முதலில் மோந்து பார்ப்பார். "கருகுன வாடை வேற, எலி மூத்திர வாடை வேறய்யா. ரெண்டுக்கும் ஒரே மருந்து கெடையாது" என்பார். டீ கிளாசில் ஈ விழாமல் ஒரு பழைய சி.டி.யை மேலே வைத்திருப்பார். நடு ஓட்டை வழியே ஆவி வந்து ஓய்ந்த பிறகுதான் குடிப்பார்.

நான் சூசை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்றாகிவிட்டது. சீரியல் பல்பு மாட்டக் கம்பம் ஏறியவன், இன்று மூன்று லாரி மைக் செட்டுக்கு முதலாளி. திண்டுக்கல் வட்டாரத்தில் நான் ஒயர் இழுக்காத மண்டபம் குறைவு. என் கை முறுக்கிய ஜாயின்ட் இருபது வருஷமானாலும் விடாது. இதை எங்கே போனாலும் சொல்வேன். ஷரீஃபா கடையில் மட்டும் சொல்வதில்லை.

2005இல் சின்னாளப்பட்டியில் பேச்சாயியின் மகள் தமிழ்நிலாவுக்குக் கல்யாணம். அண்ணன் முத்துச்சாமிக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. தங்கச்சிக்குத் தாலி ஏறுவதைக் கம்ப்யூட்டரிலாவது பார்க்க வேண்டும் என்றான். போன் லைன் மண்டபத்து ஆபீஸ் ரூமில், கம்ப்யூட்டரும் அங்கேதான். மேடையோ அறுபதடி தள்ளி. லைட்டு, மைக் என்னுடையது. கேமராவுக்கு ஷரீஃபா.

"கேமரா ஒயரு பதினஞ்சடிக்கு மேல போனா, கேமரா இருக்கதே கம்ப்யூட்டருக்குத் தெரியாதுய்யா" என்றார்.

"ஏத்தா, மேட்டூர்ல இருந்து கரண்டு வருது. அறுபதடிக்கு ஒரு படம் வராதா?" என்றேன். என் ஆட்கள் சிரித்தார்கள்.

மதுரைக்குப் போய் நான்கு ஒயர் வாங்கி வந்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் கட்டைவிரல் பருமனில் ஒரு கட்டி. ஒன்றோடொன்று செருகி மேடை வரை ஓட்டினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் படம் தெளிவாகப் போனது. "வாழைத்தார் சின்னதா இருக்கே" என்று முத்துச்சாமி அங்கிருந்து போனில் கேலி பண்ணினான்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஷரீஃபா சாப்பிடப் போயிருந்தார். மேடை வரை ஓடிய ஒயரில் அந்தக் கட்டிகள் என் கண்ணில் பட்டன. கத்துக்குட்டி போட்ட ஜாயின்ட் என்று நினைத்தேன். நான் வேலை பார்க்கிற இடத்தில் இப்படியா? நான்கையும் வெட்டி எறிந்தேன். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை முறுக்கி டேப் சுற்றினேன். தடவிப் பார்த்தால் தெரியாது, அவ்வளவு நேர்த்தி. இளைத்துப்போகிற சிக்னலைத் தூக்கிவிடுகிற சில்லு அந்தக் கட்டிக்குள்தான் இருந்ததாம்.

ஷரீஃபா வந்து கம்ப்யூட்டரைப் போட்டார். கெட்டிமேளம் கொட்டும்போதும் திரை கறுப்பாகவே கிடந்தது. ஷரீஃபா ஒயர் வழியே குனிந்தபடி ஓடிவந்து என் முதல் ஜாயின்டில் நின்றார். அதற்குள் தாலி ஏறிவிட்டது. போனில் முத்துச்சாமி, "ஒண்ணுமே தெரியலையே ஆத்தா" என்றான். பேச்சாயி தலையில் அடித்துக்கொண்டு, "கடல் தாண்டி உக்காந்திருக்க புள்ளைக்கு இதக்கூடக் காட்டமாட்டியா, பாவி?" என்று ஷரீஃபாவைக் கேட்டார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "சின்னக் கடையில பெரிய வேலையக் குடுத்தா இப்படித்தான்."

அதன்பிறகு எந்த மண்டபத்திலும் ஷரீஃபாவைக் கூப்பிடவில்லை. நான்கு வருஷம். கூப்பிடலாமா என்று என்னைக் கேட்டவர்களிடமும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதவைத்தேன்; பேச்சாயி யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

போன மாதம் கடைக்குப் போனேன். "ஏத்தா, அன்னைக்கு ஒயர வெட்டுனது நாந்தான்."

"தெரியும்யா. அம்புட்டு நேர்த்தியா முறுக்க இங்க வேற யாரு இருக்கா?"

"அப்பவே எல்லாரு முன்னாடியும் சொல்லிருக்கலாம்ல?"

"அத நீங்கள்ல சொல்லிருக்கணும்."

சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலைக்காக மேசைமேல் ஒரு ஒயரைப் பிரித்துப் போட்டார். நான் சும்மா இருக்கமாட்டாமல் குனிந்து பார்த்தேன். என் கைக்குப் பக்கத்தில் கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்து, ஷரீஃபா தன் பக்கமாக வைத்துக்கொண்டார்.