இன்றைய பனி நிலவரம்

பனியை விற்கிற தொழிலில் ஒரே ஒரு சங்கடம்தான்: சரக்கு நம் கையில் இருக்காது.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த மாடியில் எங்கள் டிராவல்ஸ். முதலாளி, நான், ஒரு பிரிண்டர். இமாசல மலையில் பனிச்சறுக்கு விளையாடும் சரிவு ஒன்றுக்கு ஆட்களைத் திரட்டி அனுப்புவது எங்கள் குளிர்கால வியாபாரம். தினமும் காலை பத்து மணிக்கு அங்கே இருக்கும் டிரைவருக்கு நான் போன் போடுவேன். எத்தனை அங்குலம் பனி என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் ‘இன்றைய பனி நிலவரம்’ என்று போடுவேன். நான் நேரில் பார்த்த பனி எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இருப்பது மட்டும்தான். குடை விற்பவர்கள், பந்தல் போடுபவர்கள், வடாம் பிழிபவர்கள் என்று வானத்தை அண்ணாந்து பார்த்துப் பிழைக்கும் எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

அடிக்கணக்கு

ஏகாம்பரம் அண்ணனுக்கு பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு. அப்பா காலத்து வயல்கள் எல்லாம் இப்போது அவர் விற்கும் மனைகள். குடும்பத்தோடு வந்து உட்கார்ந்ததும், “பனி எத்தினி அடி கீது?” என்றார். சரிவில் அன்றைக்கு ஒன்பது அங்குலம். அந்த வருஷத்துக்கு அதுவே பெரிய விஷயம் என்பதால் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “மழைக்கு எங்க வூட்லயே மூணு அடி தண்ணி நின்னுச்சு மேடம், ஃபிரிட்ஜு மெதந்துச்சு. ஒம்போது இஞ்சுக்கு ஃபிளைட் புடிச்சுப் போவணுமா?”

அறுபது சதவீதம்

அனகாபுத்தூரில் துணிக்கடை வைத்திருக்கும் செல்வத்துக்கு, பனி பொழிய அறுபது சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று செல்போனில் காட்டினேன். ஆற்றோரத்தில் குடியிருப்பவர், வானிலை அறிக்கை என்றாலே அவருக்கு ஒரு கசப்பு. ரெட் அலர்ட் சொன்ன நாளில் வெயில் அடித்ததாம், ஒன்றும் சொல்லாத நாளில் கட்டிலை மாடிக்கு ஏற்றினாராம்.

“அறுவது பர்சன்ட்னா இன்னா மேடம்? பத்து பேர் போனா ஆறு பேர் மேல பேயும், நாலு பேர் மேல பேயாதா?”

டீச்சரின் நிபந்தனை

கஸ்தூரி டீச்சர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர். பனிப்பாறையைப் பலகையில் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. பிப்ரவரியில் ஆபரேஷன்; அதற்கு அப்புறம் மலை, சரிவு எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் இது ஒரே ஒரு தடவைதான்.

எங்கள் பனி நிலவரத்தை அவர் ஒரு டைரியில் தினமும் எழுதிக்கொண்டு வந்தார். ஒன்பது அங்குலம், ஏழு, நான்கு. ஒருநாள் படியேறி மூச்சு வாங்க வந்து என் எதிரே உட்கார்ந்தார். “பனி இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடும்மா. ஆபரேஷனைத் தள்ளி வெச்சுட்டு அடுத்த குளிருக்குப் போயிக்கறேன். டிவி சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம், நீ சொன்னாப் போதும்.”

வருண ஜபம்

பொங்கல் முடிந்த வாரம் நான்கு அங்குலம் இரண்டானது. செல்வம், டீச்சர் உட்பட பதினெட்டுப் பேர் குரூப் கிளம்ப இன்னும் ஆறு நாள். முதலாளி பிள்ளையாருக்குப் பதினோரு சிதறு தேங்காய் உடைத்தார். அதுவும் போதாது என்று குருக்களிடம் ஒரு ஜபத்துக்கும் ஏற்பாடு செய்தார்.

மறுநாளே தாம்பரத்தில், தை மாதத்தில், சுரங்கப்பாதை முட்டும் அளவுக்கு மழை. பத்து மணிக்கு டிரைவருக்குப் போன் போட்டால் அங்கேயும் மழையாம். மிச்சம் இருந்த இரண்டு அங்குலத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். முதலாளி குடையோடு கோயிலுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். குருக்கள் நிதானமாக விபூதியை நீட்டினார். “பனிக்குன்னு தனியா ஜபம் கிடையாதே சார். நான் மழைக்குப் பண்ணேன், மேலயே உறைஞ்சு விழும்னு நெனச்சேன்.”

தேதி இல்லாத படம்

டிரைவர் அனுப்பிய வீடியோவில் சரிவு முழுக்கப் பழுப்பு நிறச் சேறு. வாடகைக்கு விடும் சறுக்குப் பலகைகளை ஒரு ஆள் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அதை குரூப்பில் போட நான் விரல் வைத்த நேரம் முதலாளி வந்து நின்றார். இந்த குரூப் ரத்தானால் கடையை மூடிவிடுவதாகச் சொன்னார். போன வருஷப் படம் ஒன்றை என் போனுக்கு அனுப்பினார். வெள்ளை வெளேரென்ற சரிவு, ஓரத்தில் சாய்ந்த தேவதாரு மரம் ஒன்று.

டீச்சரை நினைத்துக்கொண்டு, “சார், இது பொய்” என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. படத்தைப் போடு, கீழ தேதி போடாதே, அவ்வளவுதான்.”

போட்டேன். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. படத்துக்குக் கீழே முதலில் கைகூப்பியது டீச்சர்தான். சாயங்காலம் போன் செய்து, “பனி நல்லா இருக்காம்மா?” என்று கேட்டார். “இருக்கு டீச்சர்” என்றேன்.

தேவதாரு

அவர்கள் போய்ச் சேர்ந்த அன்று மதியம் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. செல்வம் என் குலம் கோத்திரம் வரைக்கும் திட்டினார். அதைக் கேட்டுக்கொண்டிருப்பது சுலபமாக இருந்தது. நடுவில் திரையில் டீச்சர் பெயர் வந்ததும் அவரை வைத்துவிட்டு அதை எடுத்தேன்.

டீச்சர் திட்டவில்லை. காற்றுச் சத்தம் கேட்டது, மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கோவேறு கழுதை மேல் உட்காரவைத்து ஏற்றினார்களாம். கால் வலிக்கிறதா டீச்சர் என்று கேட்டேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. அவர் சொன்னது இதுதான்: “நீ போட்ட படத்துல ஒரு சாஞ்ச மரம் இருந்துதே, அதுக்குக் கீழதான் நிக்கறேன். மரம் இருக்கும்மா.”

இப்போது நாங்கள் கடற்கரை பேக்கேஜ் மட்டும்தான் விற்கிறோம். கடல் இருக்கிறதா என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை என்றாலும், தினமும் காலை பத்து மணிக்கு நான் போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.