பொட்டு வைத்த கேலிப் படம்

காலை பத்தே கால். பந்தல்குடியில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நீண்ட மூக்கு. டி.வி.க்கு மேலே சட்டம் போட்டு மாட்டிய பழைய அச்சுப் படம் அது. அந்த மூக்கோடு நாடக ராஜா ஒருவர் கிரீடம் சரியச் சரியப் பாடுகிறார். முன்வரிசையில் கோட்டு போட்ட கனவான்கள் கொட்டாவி விடுகிறார்கள். நாடகத்தையும் நாகரிகக்காரர்களையும் நையாண்டி செய்யும் இத்தகைய படங்களை இருபது வருஷமாகச் சேர்க்கிறேன். இதையும் விலைக்குக் கேட்கத்தான் போயிருந்தேன்.

அந்த வீட்டு அம்மா படத்தை இறக்கிக் கொடுத்துவிட்டு டீ போடப் போனார். ராஜாவின் நெற்றிக்கு நேரே கண்ணாடியில் குங்குமம் இருந்தது. போட்டோ எடுக்க இடைஞ்சலாகத் தெரிந்ததால் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

டீயோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பொட்ட அழிச்சிட்டீகளே சார்! இவுக எங்க வீட்டுக்காரரோட தாத்தா, ராஜா வேஷம் கட்டுனவுக.”

“இது கேலிப் படம்தானேம்மா?”

“தெரியும் சார். இவுகளே சிரிச்சுக்கிட்டு வாங்கி மாட்டுனதாம். ‘மூக்க மட்டும் தப்பில்லாம போட்டிருக்கான்’னு சொல்லுவாகளாம். வேற போட்டோ கெடையாது. எங்களுக்கு இதுதான் தாத்தா.”

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் வரைந்தவர், அச்சகம், ஆண்டு எல்லாம் உண்டு. கேலிக்கு ஆளானவருக்கு ஒரு வீடு இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. விலை பேசாமல் மன்னிப்புக் கேட்டேன். அவர் குங்குமச் சிமிழை நீட்டினார்.

“அழிச்சது நீங்க, நீங்களே வச்சிருங்க. சிரிச்சுக்கிட்டே வைங்க, அவுக கோவிச்சுக்க மாட்டாக.”

வைத்தேன். பொட்டு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.