நேராக நின்ற சுவர்

என் கையால் ஒருவனின் வாய் கிழிந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இலங்கை மலையகத்தில், ஹாலிஎலப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சுகளைக் கணினியில் வரைவது என் வேலை. அன்று தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடைக்கான புதிய அச்சை முதன்முதலாக ஓட்டினோம். மெஷினில் நின்றவன் செல்வராஜ், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்காரன். முதல் கூடையே அச்சில் இறுகிவிட்டது. அவன் இரும்புக் கம்பியை விட்டு நெம்பினான். கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.

"தோட்டத்துப் புத்தி போகுமாடா?" என்று கத்திக்கொண்டே அறைந்தேன். மெஷின் கதவில் முகம் மோதி, உதடு பிளந்து, ரத்தம் சட்டையில் கொட்டியது. மறுபடியும் கையை ஓங்கினேன்.

"அடிங்கண்ணே. ஆனா கூடைச் சுவரு நேரா நிக்குதே, எப்புடிக் கழண்டு வரும்?" என்றான்.

ஓடிப்போய்க் கணினியில் படத்தைத் திறந்தேன். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி எஃகைக் கவ்விக்கொள்ளும். கழன்று வர, சுவருக்குச் சற்றே சரிவு வேண்டும். எஃகை வெட்டக் கொடுக்கும் முன் அளவு பார்ப்பதற்காக படத்தில் அந்தச் சரிவை நான்தான் நீக்கியிருந்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன்.

முதலாளி வந்து, "யாரு அச்ச நாசமாக்குனது?" என்று கேட்டார். செல்வராஜ் என்னையே பார்த்தான்.

"இவன்தாங்க," என்றேன்.

அன்றே அவனை விரட்டிவிட்டார்கள். கீறலை எடுக்கும் சாக்கில் சரிவையும் கடைந்து முடித்தேன். அடுத்த கூடை தொட்டதும் கழன்று வந்தது.

அவன் மனைவி இப்போது அந்தக் கூடையில்தான் கொழுந்து பறிக்கிறாள். எதிரே வந்தால், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று சிரித்தபடி கேட்கிறாள். அடித்ததும் மாட்டிவிட்டதும் நான்தான் என்று அவன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.