கேமராவில் விழாத இணைச்சீர்

எனக்கு வயசு எழுபத்திரண்டு. பெத்து வளர்த்தது அஞ்சு. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச காலம்தான் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் வரும். ஆனால் இந்தக் கேமரா விசயத்தை வேறு யாராவது எழுதினால் என் சின்ன மகன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

என் மூத்த மகனின் பையனுக்குக் கல்யாணம் வைத்தோம். அவனையும் அவன் தங்கச்சியையும் நடை பழகும் வயசிலிருந்து வளர்த்தது காங்கேயத்தில் இருக்கிற என் அக்கா. மகனும் மருமகளும் பனியன் கம்பெனியில் மாறி மாறி ஷிப்டு போன காலம் அது. நானும் அங்கேயே துணியில் பழுது பார்க்கிற செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். அக்காவுக்குப் பிள்ளையில்லை. இப்போது இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாள். கல்யாணத்துக்குத் தூக்கி வர வழியில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "முகூர்த்தமெல்லாம் வேண்டாம். எம் புள்ளைக ரெண்டும் இணைச்சீர்ல நிக்கறதை மட்டும் எங்கண்ணுல காட்டிருங்க."

இணைச்சீர் என்பது எங்கள் பக்கம் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை ஊட்டில் செய்வது. கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்துக்கொள்வான்; மறுமுனையைக் கூடப்பிறந்தவள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பாள். ஒருத்தருக்கு ஒரு தரம்தான் அந்தச் சீர். நாங்கள் பேசிவிட்ட வீடியோக்காரர் மண்டபத்துக்கு மட்டும்தான் வருவார். ஊட்டில் நடப்பதை நாங்களேதான் எடுக்க வேண்டும்.

போனில் எடுத்தால் நடுவில் போன் வரும் என்று சொல்லி, பேத்தி ஆன்லைனில் மலிவாக ஒரு வீடியோ கேமரா வாங்கினாள். அவள் சொன்னதும் சரிதான். சின்ன மகனுக்கு நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓடுகிறது. நூல் வந்ததா, துணி இறங்கிச்சா என்று அவன் போன் மூச்சு விடாது. அவன் கையில்தான் கேமராவைக் கொடுப்பதாக முடிவாயிற்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைக்குள் அடங்குகிறது, கனமில்லை. பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவைத் திறந்தால் அதிலேயே படம் தெரியும். அக்கா படுத்தபடியே பார்க்கலாம். பெரிய கேமராவைக் கண்டால் சனங்கள் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். இதை ஒருத்தரும் மதிக்கவில்லை, அதனால் இயல்பாக இருந்தார்கள்.

நல்லது அவ்வளவுதான். சீருக்கு முன்னால் பேத்தி ஊட்டில் எடுத்துப் பார்த்தபோது, டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாருக்கும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருந்தது. கிட்ட இழுத்துப் பார்த்தால் முகம் பூந்தி பூந்தியாக உதிர்ந்தது. மனுசர் பேச்சை விட ஃபேன் சத்தத்தை நன்றாகப் பிடித்தது. அரக்குக் கூறைச்சேலையை ஆரஞ்சாகக் காட்டியது. எங்கள் தொழிலில் இப்படிச் சாய ஷேடு மாறினால் துணி வாங்குகிற பையர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவான்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சீரன்று சின்ன மகன் முன்னாலேயே நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கை ஆடாமல் எடுத்தான். நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து காங்கேயம் போனோம். அக்காவைத் தலையணை வைத்து நிமிர்த்திப் படுக்க வைத்து, கேமராவைத் திறந்து காட்டினோம். முதலில் ஒரு சுவர் வந்தது. அப்புறம் செருப்புகள். பிறகு வேட்டிக் கரை, சேலைக் கரை, சாம்பார் வாளியின் அடிப்பக்கம், பாதியில் தலைகீழாக ஒரு வாழைமரம். சீரைக் காணோம்.

அக்கா கடைசிவரை பார்த்தாள். "நல்லா வந்திருக்குது. எல்லாரும் காலோட வந்திருக்கறாங்க" என்றாள்.

சின்ன மகன் வேர்த்துப் போனான். "சிவப்பு எரிஞ்சுதுங்க பெரியம்மா. நின்னு போச்சுன்னு நெனச்சு அமுத்துனேன்."

நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும், மெஷின் நின்றுவிடும். மீசை முளைத்த நாளிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருப்பது அந்த விளக்கைத்தான். கேமராவில் சிவப்புப் புள்ளி மினுங்கினால் ஓடுகிறது என்று அர்த்தமாம். இவன் ஓடியதை நிறுத்திவிட்டுச் சீரைப் பிடித்திருக்கிறான். சீர் முடிந்ததும் நிறுத்துவதாக நினைத்து ஓடவிட்டு, கையில் தொங்கப் போட்டுக்கொண்டு பந்திக்குப் போயிருக்கிறான்.

"ஓடற மெஷினை நிறுத்தறதுக்கா உன்னைத் தொழில்ல விட்டோம்?" என்று கேட்டேன். அவன் கேமராவைக் குறை சொன்னான். அதுவும் பொய்யில்லை. ஓடுவதற்குச் சிவப்பு வைக்கலாம் என்று எவனுக்குத் தோன்றியதோ தெரியவில்லை.

அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேரனுக்குத் தாளவில்லை. அக்காவுக்குக் காட்டத்தான் கூறைச்சேலையைப் பையில் எடுத்து வந்திருந்தோம். தங்கச்சியும் தானும் இங்கேயே நிற்கிறோம் என்று அதை வெளியே எடுத்தான். நான் விடவில்லை. "தாலி கட்டுன பின்னால இணைச்சீர் கெடையாது சாமி. வெளையாட்டா அது?"

பேரன் சேலையைக் கட்டில் மேல் அப்படியே போட்டான். அப்புறம் அக்கா திரும்பினாள். "நான் சீர் கேக்கலை. அந்தச் சேலை கசங்கிக் கெடக்குது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் புடிச்சு மடிச்சு வெச்சுட்டுப் போங்க."

சேலை மடிப்பதற்கு நான் என்ன தடை சொல்ல முடியும்? பேரன் ஒரு முனையைப் பிடித்தான். பேத்தி மறுமுனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மடிக்கிறவளுக்குக் கக்கம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அக்கா இமைக்காமல் பார்த்தாள். மடித்து முடித்ததும், "கோணலா இருக்குது, உதறிட்டு இன்னொருக்கா மடிங்க" என்றாள். மறுபடியும் மடித்தார்கள்.

சின்ன மகன் இந்தத் தடவை, "சிவப்பு எரியுதுங்க, ஓடுதுங்க" என்று சொல்லிக்கொண்டே எடுத்தான். அதில் அவன் குரலும் ஃபேனும்தான் கேட்கிறது. சேலை ஆரஞ்சாகவே இருக்கிறது. அக்காவோ கேமராவைத் திருப்பித் தரவில்லை. செருப்புப் படத்தையும் போட்டுப் பார்த்து, இது யார் கால், அது யார் கால் என்று போனில் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு வேறு வேலை இல்லையா?

கேமரா வாங்குன கண்ணு, இங்கே வா. எழுதினதை ஒருக்கா படிச்சுக் காட்டு. உன் சித்தப்பன் பக்கத்து ரூம்லதான் இருக்கறான். சிவப்பு விளக்கு வர்ற இடத்தைச் சத்தமாப் படி.