கன்னத்தில் வைத்துப் பார்த்த ஜாடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் நடந்தது இது. விருத்தாசலத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை இருக்கிறது. ஊறுகாய் ஜாடிதான் எங்கள் சரக்கு. நான், என் மனைவி, வேலைக்கு மூன்று பெண்கள், சூளை பார்க்க ஒருவர், அவ்வளவுதான் ஆட்கள். அந்த வருடம் பட்டறையை மனைவி பொறுப்பில் விட்டுவிட்டு, நான்கு மாதம் ஜமாஅத்தில் கம்போடியா போயிருந்தேன். ஒவ்வொரு ஊராகப் போய்ப் பள்ளிவாசலில் தங்கி, அங்குள்ள முஸ்லிம் மக்களுக்கு மார்க்கத்தை நினைவூட்டிவிட்டு வருகிற பயணம்.

ஜமாஅத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மஷூரா செய்வோம், அதாவது கலந்து பேசுவோம். யார் சமைப்பது, யார் கடைக்குப் போவது, எந்தத் தெருவுக்குப் போவது என்று எல்லாமே அங்கேதான் முடிவாகும். யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம், ஆனால் அடம்பிடிக்கக் கூடாது. கடைசியில் அமீர், அதாவது குழுத் தலைவர், சொல்வதுதான் முடிவு. எங்கள் அமீர் என்னைவிட இருபது வயது சின்னவர். அவர் பருப்பு போதும் என்று சொன்னால், ஆற்றங்கரையில் மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே பருப்பு சாப்பிடுவோம். நான் பிறவி முன்கோபி. அப்படிப்பட்டவன் நான்கு மாதம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகுதான் சிக்கல். வீட்டில் எதுவுமே ஒட்டவில்லை. தரையில் படுத்துப் பழகிய உடம்புக்குக் கட்டில் ஆகவில்லை. டிவி சத்தம் எரிச்சலாக இருந்தது. பட்டறைக்குப் போனால் அதைவிட மோசம். என் நாற்காலியில் மனைவியின் குடை தொங்கியது. வேலை செய்யும் பெண்கள் எதற்கெடுத்தாலும், "பாயம்மா, இத எங்க வெக்கிறது?" என்று அவளைத்தான் கேட்டார்கள். நான் குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமை. நான் இல்லாமலே எல்லாம் நன்றாக நடந்திருக்கிறதே என்ற பொறாமை.

அந்த வியாழக்கிழமை பள்ளிவாசலில் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "மஷூரா இல்லாம நாங்க ஒரு வாளித் தண்ணிகூட மொண்டதில்ல" என்று மைக்கைப் பிடித்துப் பெருமையாகச் சொன்னேன். ஒலிபெருக்கியில் தெருவுக்கே கேட்டது.

சனிக்கிழமை காலை சூளை வைக்க வேண்டியிருந்தது. பாண்டிச்சேரிக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஜாடி கேட்டிருந்தார். என் மனைவி தானே பேசி வாங்கிய முதல் ஆர்டர் அது. நான் அடுக்கச் சொன்னதும் அவள் கிட்டே வந்தாள்.

"என்னங்க, இன்னும் ரெண்டு நாளு காயட்டும். மழ ஈரம் இருக்குது" என்றாள். ஒரு ஜாடியை எடுத்து, அதன் அடிப்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "வெச்சுப் பாருங்களேன், சில்லுன்னு இருக்குது. நல்லா காஞ்சிருந்தா இப்படி இருக்காது."

நான் கையில்கூட வாங்கவில்லை. "நாலு மாசம் பாத்துட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? இருவது வருசமா சூளை வெக்கிறவன் நான்" என்றேன். மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்ததால்தான் என் குரல் இன்னும் ஏறியது. சூளைக்காரர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் முழித்தார். "அவுங்க சொல்றாங்க, அடுக்குங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

பகல் தொழுகைக்குக் கிளம்புகிற நேரத்தில் சூளைக்குள் டொப் என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணைப் பிளக்கிற சத்தம். அடுத்து இரண்டு, பிறகு வரிசையாக. சூளையை அணைத்தோம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் திறந்தால் பாதிக்கு மேல் உடைசல். "இந்தத் தடவ வந்த களிமண்ணே சரியில்ல" என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி குனிந்து ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், நிமிராமலே பேசினாள்.

"வியாழக்கெழம மைக்குல பேசுனீங்கல்ல, வூட்டு வாசல்ல நின்னு நானும் கேட்டேன். அவ்ளோ சந்தோசமா இருந்துது. இனிமே என்னயும் ஒரு வார்த்த கேப்பீங்கன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஓடு பொறுக்கினேன். பிறகு பாண்டிச்சேரிக்காரருக்கு நானே போன் போட்டு, ஈரச் சரக்கைச் சூளையில் வைத்தது என் தப்பு என்று சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்தார். அப்புறம், அடுத்த வாரக் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை வேலை தொடங்கும் முன்பு எல்லோரையும் பட்டறைத் தரையில் வட்டமாக உட்காரச் சொன்னேன். மஷூரா என்றால் என்னவென்று விளக்கிவிட்டு, "இங்க அமீரு பாயம்மாதான். அவுங்க சொல்றதுதான் முடிவு" என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள், கிண்டல் செய்கிறேனோ என்று. வேலை செய்கிற பெண்களில் மூத்தவர், "அப்ப இன்னிக்கு பாயிதான் டீ வாங்கியாரணும், என்னா பாயம்மா?" என்றார். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "ஆமா, அவுங்களே போவட்டும்" என்றாள். மழையில் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

மறுபடி செய்த ஜாடிகளை ஃபேன் போட்டு எத்தனை நாள் காய வைப்பது, எப்போது திருப்பி வைப்பது எல்லாம் அவள்தான் முடிவு செய்தாள். ஜாடிகள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தன.

இப்போதும் சூளை வைக்கிற நாளில் ஒரு ஜாடியை எடுத்து என் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். பிறகு அவளிடம் நீட்டி, "நீ என்னா சொல்ற?" என்று கேட்பேன். கடல் தாண்டிப் போய் முன்பின் தெரியாத ஒருவருக்கு நான்கு மாதம் காட்டிய பணிவை, இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவளிடம் காட்ட எனக்குப் பாதிச் சூளை ஜாடிகள் உடைய வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது, இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.