அண்ணன் தலையின் பின்பக்கம்

அண்ணி அந்தப் பெயரை முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த புதிதில். கணவனும் அவன் தம்பியும் சேர்ந்து நடத்திய சலூனுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தாள். பெஞ்சில் காத்திருந்த தபால்காரர், "சரிண்ணா எங்கே, ஆளைக் காணோம்?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று அவள் விழித்தாள். "உங்க கொழுந்தன்தாம்மா. அண்ணன் எதைச் சொன்னாலும் சரிண்ணா, சரிண்ணாதான். வேற வார்த்தையே வராது."

அண்ணிக்கு வயிறு குளிர்ந்தது. வாய்த்தால் இப்படிக் கொழுந்தன் வாய்க்க வேண்டும் என்று தன் அக்காளிடம் பெருமையடித்துக்கொண்டாள். அக்காள் கொழுந்தனோ தட்டைத் தூக்கி எறிகிற ரகம்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. ஒருநாள் தம்பி வாங்கி வந்த டீயைக் குடித்துவிட்டு அண்ணன், "டீயில சர்க்கரை ஜாஸ்திடா" என்றார். "சரிண்ணா." அதன் பிறகு மாதக்கணக்கில் சர்க்கரையே இல்லாத டீ. அதை அவர் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்று அன்பாகப் பார்ப்பான்.

சலூனில் இரண்டே நாற்காலி. ஒன்று ஜன்னலோரம். வெளிச்சமும் காற்றும் வரும், தெருவில் போகிறவர்களோடு வம்பளக்கலாம். மற்றது உள்ளே, கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில். ஆரம்பத்திலிருந்தே ஜன்னல் தம்பிக்குத்தான். திடீரென்று ஒரு காலை அண்ணன் சொன்னார்: "பெரியவன் நான்தானே முன்னாடி நிக்கணும்? நீ உள்ள போடா."

"சரிண்ணா."

சீப்பு, கத்தரியை அள்ளிக்கொண்டு சிரித்த முகமாகப் போனான். பிடித்தது சனி. உள்ளே வந்து உட்காருகிறவர்களிடம், "என்கிட்டயா சார்? அண்ணன்கிட்டயே போங்க. அவருக்கு ஜன்னல் இருக்கு. எனக்குக் குழாய்தான் இருக்கு" என்பான். "என்னடா தொணதொணன்னு? பேச்சைக் குறை" என்று அண்ணன் அதட்டினார். குறைத்தான் பாருங்கள், அடியோடு! தபால்காரர், "காதுக்கு மேல கொஞ்சம் விடுப்பா" என்றால் ஒரு பெருமூச்சு. "மீசையை ஒதுக்கு" என்றால் இன்னும் நீளமாக ஒன்று. பெருமூச்சு விடுகிற கத்தியிடம் யார் கழுத்தைக் கொடுப்பார்கள்?

"தம்பி, மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடுங்க" என்று அண்ணி கேட்டும் பார்த்தாள்.

"எனக்கென்ன அண்ணி, குழாயடியில குளுகுளுன்னு இருக்கேன்."

அடுத்த தெரு சலூன்காரர் அவனைக் கூப்பிடுவதாகவும் காதில் விழுந்தது. அவன் போனால் கடை நிற்காது, குடும்பமும் இரண்டாகும். அந்த நேரம் பார்த்துத்தான் அக்காளுக்குக் கால் பிசகி, கூட இருக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போனாள்.

விடுமுறை நாளில் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்வது அந்த அண்ணன் தம்பி வழக்கம். வருகிறவர்களுக்கெல்லாம் கைக்கண்ணாடி பிடித்துப் பின்தலையைக் காட்டுகிறவர்கள், தங்களுக்குள் மட்டும் காட்டிக்கொள்வதில்லை. தம்பி கைவேலையில் அண்ணன் என்ன சோதிப்பது?

அக்காள் எழுந்து நடமாடியதும் அண்ணி திரும்பினாள். பையோடு நேரே கடைக்குப் போனாள். பெஞ்சில் தபால்காரர் மட்டும். அவரும், "அப்புறமா வர்றேம்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டு நழுவினார். கணவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முன்னால் பார்த்தால் புது மாப்பிள்ளை. பின்னாலோ உச்சியிலிருந்து கழுத்துவரை மாடிப்படி. நடுவில் எலி கடித்த மாதிரி ஒரு பொட்டல். இத்தனை நாளாக இந்தத் தலையைப் பெஞ்சுக்குக் காட்டிக்கொண்டுதான் தொழில் நடத்தியிருக்கிறார்!

"ஒருத்தனும் உக்கார மாட்டேங்குறான்டி" என்றார் பாவம்.

சிரிப்பை விழுங்கிக்கொண்டு அண்ணி உள்ளே திரும்பினாள். "தம்பி, இது என்ன?"

"கத்தரி வழுக்கிடுச்சு அண்ணி. உள்ள வெளிச்சம் பத்தாதில்ல?"

அவள் கைக்கண்ணாடியை எடுத்துக் கணவனின் தலைக்குப் பின்னால் பிடித்தாள். அவர் எதிர்க் கண்ணாடியில் உற்று உற்றுப் பார்த்தார். "நல்லாத்தானேடி இருக்கு?"

"அந்தப் பொட்டல் தெரியலையா?"

"எந்தப் பொட்டல்?"

குழாயடியிலிருந்து தம்பி எழுந்தே வந்துவிட்டான். "அண்ணா, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"வெளிச்சத்துல ஓரளவு தெரியும்டா. அதுக்குத்தானே இந்தப் பக்கம் வந்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே!"

"கண்ணு மங்கினவன்கிட்ட எவன்டா ஷேவிங்குக்கு வருவான்?" என்றபடி அவர் பின்தலையைத் தடவினார். விரலுக்குத் தெரியாதா? "அடப்பாவி! கோவம்னா வாயில சொல்லித் தொலைய மாட்டியா?"

"எனக்கு அந்த ஜன்னல் வேணும்ணா! அங்க குழாய் சொட்டுற சத்தத்தைத் தவிர பேச நாதியில்ல எனக்கு!"

அவன் வாயிலிருந்து 'வேணும்' என்று வந்தது அன்றுதான். அதற்குப் பிறகு இருவரும் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்ல, பேசிக்கிட்டு இருக்காங்க" என்று அண்ணி கதவைச் சாத்தினாள். கத்தி முடித்த பிறகு, வேறு வழியில்லாமல் தம்பியே அண்ணனுக்கு மொட்டை அடித்தான். மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான்.

புரை எடுத்தும் ஒரு கண்தான் தேறியது. அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களோடு ஊர்க்கதை பேசுகிறார். கொழுந்தன் அடுத்த தெருவுக்குப் போகவில்லை. ஜன்னலோர நாற்காலியில் வேலை பார்க்கிறான். குடும்பமும் பிரியவில்லை; அண்ணன் அண்ணி வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான்.